ரீல்ஸ் சேவ் ஆகலையா? டவுன்லோடர் ஆப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க



பணத்தைப் பத்திப் பேசற இடத்துல இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் டவுன்லோட் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு.

எங்க அக்கா வீட்டிலேயே மெஷின் வெச்சு பிளவுஸ் தைச்சுக் கொடுக்கிறாங்க. கஸ்டமர் வந்தா காட்டறதுக்கு டிசைன் ரீல்ஸ் எல்லாம் போன்ல எடுத்து வெக்கிற பழக்கம். ஒரு நாள் எதுவுமே சேவ் ஆகலை. உடனே ப்ளே ஸ்டோர்ல தேடி, மேலே வந்த ஒரு டவுன்லோடர் ஆப்பைப் போட்டாங்க. "3 நாள் இலவசம்"னு இருந்தது. யூபிஐ பின் கேட்டது, போட்டாங்க. வேண்டிய நாலு ரீல்ஸை எடுத்தாங்க, ஆப்பை அழிச்சாங்க, மறந்துட்டாங்க. பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனப்பதான் தெரிஞ்சது, வாரா வாரம் 179 ரூபாய் போயிட்டே இருந்திருக்கு. ஏழு வாரம், மொத்தம் 1,253 ரூபாய்.

இதுல கொடுமை என்னன்னா, அக்கா போன்ல இருந்த பிரச்சினையைச் சரி பண்ண அரை நிமிஷம்கூட ஆகாது. காசும் வேண்டாம். அது என்னன்னு கொஞ்சம் கீழே சொல்றேன்.

சேவ் வேற, டவுன்லோட் வேற

முதல்ல இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ரீலுக்குப் பக்கத்துல இருக்கிற ரிப்பன் மாதிரியான குறியைத் தொட்டா, வீடியோ உங்க போனுக்கு வராது. அது எங்கே இருக்குன்னு ஒரு அடையாளம் மட்டும்தான் வெக்கப்படும். புத்தகத்துல மயிலிறகு வெச்ச மாதிரி. புத்தகத்தையே ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டா மயிலிறகு என்ன செய்யும்? போட்டவர் வீடியோவை அழிச்சாலோ, அக்கவுண்ட்டை பிரைவேட் ஆக்கினாலோ, உங்களை பிளாக் பண்ணினாலோ, நீங்க சேவ் பண்ணினது உங்க லிஸ்ட்டிலும் இருக்காது. "சேவ் பண்ணி வெச்சேன், காணாமப் போச்சு"ன்னு சொல்றவங்கள்ல பல பேருக்கு நடந்தது இதுதான்.

வீடியோ உங்க போனுக்குள்ளேயே வரணும்னா, பேப்பர் ஏரோப்ளேன் மாதிரி இருக்கிற ஷேர் குறியைத் தொடுங்க. கீழே ஒரு வரிசை வரும். அதை இடதுபக்கம் தள்ளினா டவுன்லோட்னு ஒண்ணு இருக்கும். இந்த வசதி 2023 ஜூன்ல அமெரிக்காவுல மட்டும் ஆரம்பிச்சு, அதே வருஷம் நவம்பர்ல மத்த நாடுகளுக்கும் வந்தது.

அந்த டவுன்லோட் பட்டனே காணோமா? அது உங்க போனோட கோளாறா இருக்காது. பிரைவேட் அக்கவுண்ட்ல போட்ட ரீலுக்கு அது வராது. பப்ளிக் அக்கவுண்ட்டா இருந்தாலும், போட்டவர் "யாரும் டவுன்லோட் பண்ணக் கூடாது"ன்னு செட்டிங்ஸ்ல அணைச்சு வெச்சிருக்கலாம். போட்டவர் 18 வயசுக்குக் கீழே இருந்தா, அது ஆரம்பத்திலேயே அணைஞ்சுதான் இருக்கும். வேற நாலு ரீல்ஸைத் திறந்து பாருங்க. அதுல எல்லாம் பட்டன் இருந்து, இதுல மட்டும் இல்லைன்னா, அது போட்டவரோட முடிவு. எதிலுமே இல்லைன்னா ஆப்பை அப்டேட் பண்ணுங்க.

பட்டன் இருக்கு, ஆனா டவுன்லோட் ஆகலை

இங்கேதான் அக்கா மாட்டினது. ஆப்பைப் போடும்போது "போட்டோ, வீடியோவைப் பார்க்க அனுமதி தரலாமா?"ன்னு இன்ஸ்டாகிராம் கேட்டிருக்கு. உஷாரா இருக்கிறதா நினைச்சு "வேண்டாம்"னு கொடுத்திருக்காங்க. வீடியோவை வெக்க இடம் கொடுக்கலைன்னா அது எங்கே கொண்டுபோய் வெக்கும்?

ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டாகிராம், பர்மிஷன்ஸ்னு போங்க. போட்டோஸ் அண்ட் வீடியோஸுக்கு அனுமதி கொடுங்க. ஐபோன்னா செட்டிங்ஸ்ல இன்ஸ்டாகிராமைத் தேடி, போட்டோஸ்ங்கிற இடத்துல மாத்துங்க. அவ்வளவுதான். 1,253 ரூபாய் பிரச்சினை இதுதான்.

அனுமதி சரியா இருந்தும் பாதியிலேயே நின்னா, போன்ல இடம் இருக்கான்னு பாருங்க. வாட்ஸ்அப் குரூப்ல வந்த "குட் மார்னிங்" வீடியோக்களை அழிச்சாலே பல போன்ல ஜிபி கணக்குல இடம் கிடைக்கும். விபிஎன் போட்டிருந்தா அணைங்க. மொபைல் டேட்டாவுல வரலைன்னா வைஃபைல பாருங்க.

அதுக்கும் மசியலைன்னா ஆண்ட்ராய்டுல இன்ஸ்டாகிராமோட கேஷை மட்டும் அழிக்கலாம். கவனம், பக்கத்திலேயே "க்ளியர் டேட்டா"ன்னு இன்னொண்ணு இருக்கும். அதைத் தொட்டா லாக்அவுட் ஆகிடும், நீங்க பாதி எடிட் பண்ணி வெச்ச டிராஃப்ட் எல்லாம் போயிடும். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாதவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டாலும் டிராஃப்ட் போயிடும்.

டவுன்லோட் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா கேலரியில இல்லையா? கேலரியில கேமரா போட்டோ மட்டும் பார்க்காம ஆல்பம்ஸ் பக்கம் போய் இன்ஸ்டாகிராம்னு ஒரு ஆல்பம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஃபைல்ஸ் ஆப்ல வீடியோஸைத் திறந்து, புதுசு முதல்ல வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க.

வீடியோ வந்துச்சு, சத்தம் இல்லைன்னா, பெரும்பாலும் அது பாட்டுக் கம்பெனி உரிமம் கொடுத்த இசையோட வந்த ரீலா இருக்கும். வீடியோவுக்கு அனுமதி இருந்தாலும் பாட்டுக்கு இல்லை. இதை எந்த செட்டிங்ஸாலயும் சரி பண்ண முடியாது, நேரத்தை வீணாக்காதீங்க.

டவுன்லோட் பட்டன் இல்லாத வீடியோவை நீங்க பார்க்கிறதுக்கு மட்டும் வெச்சுக்கணும்னா, போன்லயே இருக்கிற ஸ்கிரீன் ரெக்கார்டர் போதும். ஆண்ட்ராய்டு 11-ல இருந்து அது கூடவே வருது. மேலே இருந்து இழுத்தா வர்ற கட்டங்கள்ல தேடுங்க. சத்தமும் வேணும்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "டிவைஸ் ஆடியோ"வைத் தேர்ந்தெடுங்க, மைக் வேண்டாம். இதுல நம்ம பிளாக்குக்கே உரிய ஒரு எச்சரிக்கை. ரெக்கார்ட் ஆகும்போது வர்ற மெசேஜும் சேர்ந்து பதிவாகும். பேங்க் பேலன்ஸ் மெசேஜ், ஓடிபி எல்லாம் மேலே எட்டிப் பார்த்துட்டுப் போகும். அந்த வீடியோவை நீங்க குரூப்ல போட்டா? அதனால "டூ நாட் டிஸ்டர்ப்" போட்டுட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. (இன்னொருத்தர் உழைப்பை எடுத்து உங்க பேர்ல போடாதீங்க. அது காப்பிரைட் விஷயம், அக்கவுண்ட்டே போகலாம்.)

இப்போ பணத்துக்கு வருவோம்

வாரம் 179 ரூபாய்ங்கிறது சின்னத் தொகையாத் தெரியும். 52 வாரத்துக்கு 9,308 ரூபாய். மாசத்துக்கு 775 ரூபாய்க்கு மேல. "மாசம் 500 ரூபாய் எஸ்ஐபி போட முடியலையே"ன்னு சொல்றவங்க வீட்டிலேயே இது போயிட்டிருக்கலாம். மாசக் கணக்குல விலை சொன்னா நாம யோசிப்போம்னு தெரிஞ்சுதான் வாரக் கணக்குல சொல்றாங்க.

அக்கா பண்ணின தப்பை நிறைய பேர் பண்றாங்க. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. ஆப் வேற, நீங்க கொடுத்த ஆட்டோபே அனுமதி வேற. மளிகைக் கடைப் பக்கம் போறதை நிறுத்திட்டா மட்டும் அங்கே இருக்கிற கணக்கு முடிஞ்சிடுமா?

நிறுத்தணும்னா ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்க படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போங்க. உள்ளே சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல எது ஓடிட்டு இருக்குன்னு தெரியும். கேன்சல் பண்ணுங்க. அதோட விடாம, கூகுள் பே, போன்பே எதை வெச்சிருக்கீங்களோ அதுல ஆட்டோபேங்கிற பக்கத்தையும் பாருங்க. நீங்க மறந்தே போன ஒண்ணு ரெண்டு அங்கே உட்கார்ந்திருக்க வாய்ப்பு இருக்கு. ஐபோன்ல செட்டிங்ஸ்ல உங்க பேரைத் தொட்டா சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும்.

"ஓடிபி இல்லாம எப்படி எடுத்தாங்க?"ன்னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. முதல் தடவை நீங்க பின் போட்டு ஒத்துக்கிட்டா, அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. 2022 ஜூன் வரைக்கும் அந்த வரம்பு 5,000-ஆ இருந்தது. ஆனா எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் கொடுத்தாகணும். அக்கா போனைத் தேடிப் பார்த்தோம். ஏழு மெசேஜும் வந்திருந்தது. லோன் விளம்பரம், ரீசார்ஜ் ஆஃபர்னு வர்ற கூட்டத்துக்கு நடுவுல படிக்கப்படாமலே கிடந்தது.

பணம் போன 48 மணி நேரத்துக்குள்ள ப்ளே ஸ்டோர்ல ரீஃபண்ட் கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம். அக்காவுக்குக் கடைசி 179 மட்டும் திரும்ப வந்தது. மீதி 1,074 போனது போனதுதான்.

வாரம் 179-ஓட முடிஞ்சா அது அதிர்ஷ்டம். இதைவிட மோசமானது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வர்ற ஏபிகே ஃபைல். டெலிகிராம்லயோ வாட்ஸ்அப்லயோ யாரோ அனுப்பற "ரீல்ஸ் டவுன்லோடர்" அது. ஒரு வீடியோவை இறக்க என்ன வேணும்? இன்டர்நெட், வெக்கிறதுக்கு இடம். அவ்வளவுதான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, நோட்டிஃபிகேஷன் பார்க்க அனுமதி, அக்சஸிபிலிட்டி அனுமதி இதெல்லாம் ஒரு டவுன்லோடருக்கு எதுக்கு? எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தா உங்க ஓடிபியை அது படிக்கும். அக்சஸிபிலிட்டி கொடுத்தா திரையில இருக்கிறதைப் படிச்சு, உங்களுக்குப் பதிலா அதுவே பட்டனை அழுத்தும். வீட்டுச் சாவியைக் கையில கொடுத்த மாதிரிதான். அதே போல, வேற ஆப்போ வெப்சைட்டோ இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு கேட்டா மூடிட்டு வந்துடுங்க. பாஸ்வேர்டு போனா அக்கவுண்ட் போகும், அப்புறம் உங்க பேர்ல உங்க நண்பர்கள்கிட்ட "அவசரமாப் பணம் வேணும்"னு மெசேஜ் போகும்.

ஏற்கனவே அப்படி ஒரு ஆப் போட்டுட்டீங்கன்னா, முதல்ல டேட்டாவையும் வைஃபையையும் அணைங்க. வேற போன்ல இருந்து பேங்க்குக்குக் கூப்பிட்டு கார்டு, யூபிஐ, நெட்பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்க. பிறகு ஆப்பை அழிச்சுட்டு, பாஸ்வேர்டுகளை வேற போன்ல இருந்து மாத்துங்க. பணமே போயிருந்தா 1930-க்கு உடனே கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரமோ, பணத்தைப் பாதியில நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஒரு வீடியோவைக் கட்டாயம் எடுத்து வெக்க வேண்டிய நேரம்

பிளவுஸ் டிசைன் போனா இன்னொண்ணு கிடைக்கும். "இந்தக் குரூப்ல சேருங்க, ஒரு மாசத்துல பணம் டபுள்"னு சொன்ன ரீலை நம்பி ஒருத்தர் பணம் போட்டு ஏமாந்திருந்தா, அந்த ரீல்தான் சாட்சி. நீங்க கேள்வி கேட்க ஆரம்பிச்ச உடனே முதல்ல உங்களை பிளாக் பண்ணுவாங்க, அப்புறம் ரீலை அழிப்பாங்க. நீங்க ரிப்பன் குறி போட்டு வெச்சதெல்லாம் அப்போ வெறும் காத்து. ஃபேஸ்புக் லைவ்ல பார்த்ததா இருந்தா, 2025 பிப்ரவரி 19-ல இருந்து போடற லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், அப்புறம் தானாவே அழிஞ்சிடும்.

அதனால சந்தேகம் வந்த அன்னைக்கே, சண்டை போடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கோங்க. ரீலை மட்டும் டவுன்லோட் பண்ணினா பத்தாது. ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓட விட்டு, அவங்க புரொஃபைல் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. யூசர்நேம் தெரியட்டும். அங்கிருந்து அந்த ரீலுக்குப் போய் முழுசா ஓட விடுங்க, கீழே தேதியும் எழுதியிருக்கிறதும் தெரியற மாதிரி. ரீலோட லிங்க், புரொஃபைல் லிங்க் ரெண்டையும் காப்பி பண்ணி உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்க. யூசர்நேமை எப்போ வேணும்னாலும் மாத்திக்க முடியும்ங்கிறதால லிங்க்கும் ரெக்கார்டிங்கும் சேர்ந்து இருக்கணும்.

செபி பதிவு எண்ணைச் சொல்லியிருந்தா அதையும் குறிச்சுக்கோங்க. முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏன்னும், ரிசர்ச் அனலிஸ்ட்டுக்கு ஐஎன்எச்னும் ஆரம்பிக்கும். செபி வெப்சைட்ல அந்த எண்ணைப் போட்டா யார் பேர் வருதுன்னு பார்க்கலாம். எண் உண்மையா இருந்து, பேர் வேற யாரோடதாவும் இருக்கலாம். அதனால ரெண்டையும் ஒப்பிடுங்க.

ரெக்கார்ட் பண்ணின ஃபைலை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பி வெச்சுக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிடாதீங்க. அது சுருங்கி, எழுத்தெல்லாம் மங்கிடும். கூகுள் டிரைவ்ல அப்படியே ஏத்துங்க, இலவசமாக் கிடைக்கிற 15 ஜிபியே இதுக்கு தாராளம். பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும், பணம் அனுப்பின யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் அதே ஃபோல்டர்ல வெச்சிடுங்க. 1930-ல பேசும்போதும், தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகாரைப் பதியும்போதும் அந்த எண்ணைத்தான் முதல்ல கேட்பாங்க.