பங்குனியில் நிழல் தரும் மரம்

வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசமும் ஆனபின், வாசலில் வைக்க ஒரு மரக்கன்று தேடி நர்சரிக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். எது சீக்கிரம் வளரும்? எது அழகாகப் பூக்கும்? இரண்டுமே நியாயமானவைதான். ஆனால் தமிழ்நாட்டில் நிழலுக்காக மரம் வைக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: இந்த மரம் எந்த மாதத்தில் மொட்டையாக நிற்கும்?

புங்கையையும் குல்மோகரையும் எடுத்துக்கொள்வோம். தெருவுக்குத் தெரு நிற்பவை. இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டுமே இலையுதிர்க்கும் மரங்கள். புங்கை நம் ஆற்றங்கரைகளுக்கும் கடலோரத்துக்கும் சொந்தமானது. இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை இயல்பாக வளர்கிறது. குல்மோகர் மடகாஸ்கர் தீவின் வறண்ட காடுகளிலிருந்து வந்தது. 1829-இல் வென்செஸ்லாஸ் போயர் என்ற தாவரவியலாளர் அதை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதன் பிறகு அந்தச் சிவப்புப் பூவுக்காகவே வெப்ப நாடுகள் அத்தனையிலும் நடப்பட்டது.

குளிர் நாடுகளின் தோட்டக்கலை நூல்கள் இலையுதிர் மரங்களை வீட்டோரத்தில் நடச் சொல்லிப் பரிந்துரைக்கின்றன. கோடையில் நிழல் தரும். குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெயிலை வீட்டுக்குள் விடும். அங்கே அது மிகச் சரி. குளிரும், குறைந்துகொண்டே வரும் பகல் நேரமும்தான் அங்கே இலையை உதிர்க்க வைக்கின்றன. நம் ஊரில் இலை உதிர்வது தண்ணீர்த் தட்டுப்பாட்டால். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. அடுத்து வரும் மாதங்களில் மேல்மண் காய்ந்துகொண்டே போக, இலை வழியாக இழக்கும் நீரை வேரால் ஈடுசெய்ய முடியாத நிலை வருகிறது. அப்போது இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிவு அடுக்கு ஒன்று உருவாகி, இலை கழன்று விழுகிறது. ஆகவே நம் மரங்கள் மொட்டையாவது, வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில்.

எவ்வளவு நாள் மொட்டையாக நிற்கும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. புங்கை மாசி வாக்கில் பழுத்த இலைகளைக் கொட்டும். வாசல் முழுக்கச் சருகாகக் கிடக்கும் அந்த நாட்களில் பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்துபோகும். ஆனால் சில வாரங்களுக்குள் பளபளவென்று வெளிர் பச்சைத் தளிர் கிளம்பிவிடும். பங்குனி பாதியில் மரம் மறுபடி நிறைந்திருக்கும், மழை ஒரு துளி பெய்யாமலே.

இது எப்படி முடிகிறது? கோஸ்டாரிகாவின் வறண்ட காட்டில் பீட்டர் ரெய்ச், ரோல்ஃப் போர்ச்சர்ட் இருவரும் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. இலை உதிர்ந்ததும் நீர் இழப்பு பெருமளவு நின்றுவிடுகிறது. ஆழத்தில் ஈரம் எட்டும் மரங்களின் வேர் தொடர்ந்து நீரை ஏற்ற, தண்டின் திசுக்களில் நீர் மறுபடி நிரம்புகிறது. அந்த நிரப்பம் கிடைத்ததும் துளிர் விடுகிறது. கோடை நடுவே தளிர்க்கும் மரம் என்றாலே, அதன் வேர் எங்கோ கீழே ஈரத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். புங்கையின் ஆணிவேர் அப்படி ஆழமாக இறங்கக்கூடியது.

குல்மோகரின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. தண்ணீர் பாய்ச்சும் இடங்களில் ஓரளவு இலை தங்கும். வானம் பார்த்த இடமென்றால் மாசியிலிருந்து சித்திரை வரை வெறுங்கிளைகளும், அவற்றில் தொங்கும் அரை மீட்டர் நீளக் கறுத்த காய்களுமாகத்தான் நிற்கும். அதைக் குறை சொல்ல முடியாது. மேற்கு மடகாஸ்கரில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வறட்சி அங்கே குளிர்ச்சியான மாதங்களில் வருகிறது. தன் ஊரில் இதமான பருவத்தில் இலையின்றி நிற்கும் மரத்தை நாம் கொண்டுவந்து, வறட்சியும் வெயிலும் ஒன்றாக வரும் நாட்டில் வைத்திருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் 25-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அன்றைக்குக் குல்மோகரின் அடியில் நின்றால் கிடைப்பது கிளைகளின் கோட்டு நிழல்.

இலை இருக்கும் காலத்திலும் இரண்டின் நிழலும் ஒன்றல்ல. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் சூரியனின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு. அதனால் எந்தப் பொருளின் முழு நிழலும் அதன் அகலத்தைப் போல 107 மடங்கு தூரம் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் சூரியனின் ஓரங்கள் தெரியத் தொடங்கி நிழல் கரைந்துவிடும். குல்மோகரின் சிற்றிலை சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அதன் முழு நிழல் 43 சென்டிமீட்டரில் தீர்ந்துபோகிறது. புங்கையின் சிற்றிலை 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் 5 மீட்டருக்கு மேல் நீள்கிறது. அதாவது, தரையைத் தொட்டும் மிச்சமிருக்கும்.

ஒரு வெள்ளைத்தாளை இரு மரங்களின் அடியிலும் விரித்துப் பாருங்கள். புங்கையின் கீழே தாளில் இலை விளிம்புகள் தெரியும். அடர்ந்த நிழலுக்கு நடுவே வட்டவட்டமாக வெளிச்சப் பொட்டுகள் விழுந்திருக்கும். அவை இலை இடுக்குகள் தாளில் வரைந்த சூரியனின் பிம்பங்கள். சூரிய கிரகணத்தன்று அத்தனையும் பிறைகளாக மாறிவிடும்! குல்மோகரின் கீழே எந்தச் சிற்றிலைக்கும் தனி நிழல் கிடையாது. தாள் மங்கலாக, அலையலையாகத் தெரியும். அந்த மெல்லிய நிழலில் புல் வளரும், பூச்செடிகளும் பிழைக்கும். புங்கைக்கு அடியில் புல் தேறாது, கட்டில் போட்டுப் படுக்கலாம்.

வெயிலை மறைப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக, சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. ஒரு மரம் நாளுக்கு 50 லிட்டர் நீரை இலை வழியே வெளியிட்டால் 33 யூனிட் வெப்பத்தை அது விழுங்குகிறது. கூரைத் தகரமும் வெயிலை மறைக்கும், ஆனால் தானே கொதித்து அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மரநிழல் குளிர்ச்சியாக இருப்பதன் காரணம் இந்த ஆவியாதல்தான். இலையில்லாத மரத்தால் இதைச் செய்ய முடியாது.

காற்றையும் யோசிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன; குல்மோகர்கள் வேரோடு பெயர்ந்து தெருவை அடைத்துக் கிடந்தன. மேலோடிய வேர், அகலமான குடை, எளிதில் முறியும் கிளை மூன்றும் சேர்ந்தால் புயலைத் தாங்குவது கடினம். ஆனால் பழி முழுவதையும் மரத்தின் மேல் போடுவது அநியாயம். அடிமரம் வரை சிமென்ட் பூசி, கேபிளுக்காக வேரை வெட்டிவிட்ட இடத்தில் எந்த மரமும் எத்தனை நாள் நிற்கும்?

குல்மோகர் வைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சித்திரை முடிவில் இலையே இல்லாத கிளைகளில் அது பூத்து எரியும் காட்சிக்கு ஈடு குறைவு. இடம் பெரிதாக இருந்தால் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி, தோட்டத்தின் கோடியில் வையுங்கள். அதன் பொடி இலைகள் மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அடைத்துவிடும் என்பதும் தள்ளி வைக்க ஒரு காரணம். வீட்டை ஒட்டி, குறிப்பாகப் பிற்பகல் வெயில் அறையும் மேற்குச் சுவர்ப் பக்கம், புங்கைதான். அங்கும் 5 அல்லது 6 மீட்டர் இடைவெளி தேவை.

புங்கையிலும் தொல்லைகள் உண்டு. இலையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் செய்வது அது. வெள்ளைக் கோடுகள் இருந்தால் இலைக்குள் குடைந்து திரியும் புழு. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, வளர்ந்த மரத்துக்கு ஆபத்தில்லை, மருந்தடிக்க வேண்டாம். பூக்காலத்தில் தேனீ மொய்க்கும். விதை நச்சுத்தன்மை உள்ளது, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி கொடுப்பது அதிகம். சங்கப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிட்ட அந்தச் சிறு பூக்கள் தரையெல்லாம் சிந்திக் கிடக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தரும். குல்மோகர் வேரில் அந்த முடிச்சுகள் இல்லை. வயலுக்குப் புங்கந்தழை மிதித்த நம் உழவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். ஆகவே மாசியில் குவியும் சருகைக் கொளுத்தாதீர்கள், மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுங்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாமல், பையை லேசாகக் கீறி வேரைப் பாருங்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிச் சுருண்ட வேர் நட்ட பிறகும் சுருண்டேதான் வளரும். புயலில் முதலில் சாய்வது அந்த மரம். இடுப்பளவு உயரமும் நேரான வேரும் உள்ள கன்று போதும். நல்ல புங்க விதை கிடைத்தால் குழியிலேயே ஊன்றிவிடுவது இன்னும் சிறப்பு, ஆணிவேர் தடையின்றி இறங்கும். புரட்டாசி, ஐப்பசி மழையில் நடலாம். தண்ணீரைத் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு முறை நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். பாத்தியை ஆண்டுதோறும் தண்டிலிருந்து விலக்கி அகலப்படுத்துங்கள். புங்கை தாழக் கிளைக்கும் மரம். வருடத்துக்கு ஒன்றிரண்டாக அடிக்கிளைகளைக் கழித்துவந்தால், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் குடை ஏறிவிடும்.