ஆட்டுக்கால் சூப்பில் என்ன இருக்கிறது?

எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. “ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுங்கள், எலும்பு சீக்கிரம் கூடிவிடும்.” எலும்புக்கு எலும்புச் சாறு என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாற்றில் இறங்கியிருப்பது எது?

மிச்சமான சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். மேலே கொழுப்பு வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும். அதற்கு அடியில் சாறு நுங்கைப் போலத் தளதளவென்று உறைந்திருக்கும். இப்படி உறையச் செய்யும் பொருள் சுண்ணாம்புச் சத்து அன்று. ஜெலட்டின் என்னும் புரதம்.

நாள் முழுவதும் மேய்ச்சலில் நடந்து திரியும் ஆட்டின் கீழ்க்காலில் சதை குறைவு. தசைநாண், சவ்வு, தோல் இவையே அங்கு மிகுதி. இவற்றுக்கெல்லாம் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இதன் அமைப்பை விளக்கிய பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று மறு ஆண்டில் அதைத் திருத்தமாக்கினார்கள். முப்புரிக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கயிற்றைச் சுமார் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது முதலில் சுருங்குகிறது. சுருங்கும்போது தசையை இறுக்கி, அதிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. அரைவேக்காட்டுக் கால்கறி ரப்பர் போல இருப்பதற்குக் காரணம் இதுதான். பொறுமையாகத் தண்ணீரில் மேலும் இரண்டு மூன்று மணி நேரம் வேகவிட்டால் கயிற்றின் புரிகள் பிரிந்து ஜெலட்டினாகக் கரைகின்றன. ஆறியதும் அந்த இழைகள் ஆங்காங்கே மீண்டும் பின்னிக்கொண்டு, இடையில் நீரைச் சிறைப்பிடிக்கின்றன, சூப் உறைகிறது. ஆகவே கால்கறிக்கு வேண்டியவை நீரும் நேரமும். பிரஷர் குக்கரில் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரியை எட்டுவதால் நேரம் வெகுவாகக் குறைகிறது. இக்கருவியின் மூதாதையை 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இலண்டனில் செய்ததே எலும்பை மெத்தென்று வேகவைக்கத்தான்!

இனி ஊட்டத்துக்கு வருவோம். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து பாஸ்பேட்டுடன் சேர்ந்து உப்பாகப் படிந்திருக்கிறது. இவ்வுப்பு கொதிநீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தால் சிறிது கூடுதலாக இறங்கும்; அவ்வளவே. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. 100 கிராம் கேழ்வரகில் அதைவிடவும் அதிகம். எலும்பு சூப் இவற்றுக்கு அருகில்கூட வராது.

ஜெலட்டின் புரதந்தானே என்று கேட்கலாம். புரதந்தான், ஆனால் குறையுள்ள புரதம். உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் எலும்பு ஜெலட்டின் சூப்பை இறைச்சிக்கு மாற்றாக ஊற்றி வந்தார்கள். மலிவான உணவு அல்லவா! அதை ஆராய்ந்த மஜாந்தி தலைமையிலான குழு 1841-இல் அறிக்கை தந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை. நம் வீடுகளில் இந்த ஆபத்து இல்லை. இட்லி, இடியாப்பம், பருப்பு, சோறு ஆகியவற்றோடு உண்ணும்போது அக்குறை நிரம்பிவிடுகிறது.

இன்னொன்று: குடித்த ஜெலட்டின் நேரே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. அது குடலில் சிதைந்து, மற்றப் புரதங்களைப் போலவே இரத்தத்தில் கலக்கிறது. உடல் தனக்கு வேண்டிய கொலாஜனைத் தானே நெய்கிறது. அந்த நெசவுக்கு வைட்டமின் சி கட்டாயம் தேவை. எலும்பு முறிந்தவருக்குச் சூப்புடன் பால், முட்டை, கேழ்வரகு, நெல்லிக்காய் எல்லாம் கொடுப்பதே சரி. சூப்பை வேண்டாம் என்பதல்ல என் வாதம். பசியற்றவர்க்கு அது இதமாக இறங்கும். காலிலுள்ள சதையையும் உண்டால் நல்ல புரதம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பி12 கிடைக்கும். தெளிந்த சாற்றை நோயாளிக்கும் சதையைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதுதான் தலைகீழான வழக்கம்.

சூப்பைப் பத்திரப்படுத்துவதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். இரவு கொதிக்கவைத்த பானையை மூடி, அடுப்பின் மேலேயே காலைவரை விட்டுவிடுகிறார்கள். ஜெலட்டின் கலந்த இறைச்சிச் சாறு பாக்டீரியாக்களுக்கு விருந்து. இராபர்ட் கோஹ் 1881-இல் அவற்றைத் தனித்தனியே வளர்த்துக் காட்டியது ஜெலட்டின் தடவிய கண்ணாடித் தட்டில்தான். இறைச்சியில் காணப்படும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் கொதித்தாலும் சாவதில்லை. சாறு ஆறி 45 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக நிற்கும்போது அவை முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடும். மூடிய பெரிய பானையோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதைச் சூடாக்காமல் குடித்தவருக்கு எட்டு முதல் பதினாறு மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் வரலாம்.

ஆகவே மிஞ்சியதை உடனே அகலமான பாத்திரங்களில் ஊற்றி, குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து ஆற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அங்கே 5 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் தாங்கும். குடிக்கும் அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கும்வரை சூடாக்குங்கள். பச்சைக் கால்களையும் வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவது நல்லது. உறைநிலைப் பெட்டியில் 18 டிகிரி மைனஸில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்கு வேண்டிய கால்களை மட்டும் வாங்குங்கள்.