கிலோ 26 லட்சம்: எரிமலைச் சரிவில் ஒரு காபி அறுவடை

இடுப்பில் கூடையைக் கட்டியதும் முதல் பத்து நிமிடம் குதூகலம்தான். படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் சிக்கல் புரியும். ஒரே கணுவில் நான்கு பழம் சிவந்திருக்கும், இரண்டு மஞ்சளாக நிற்கும், மிச்சம் பச்சைக் காய். சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துத் திருகி எடுக்க வேண்டும். காய் கலந்தால் காபி துவர்க்கும். அவசரப்பட்டு இழுத்தால் கிளையே கையோடு வரும். சுற்றுலா வந்தவரின் கூடையில் அடி மறைவதற்குள், பக்கத்து வரிசையில் பறிப்பவர் கூடையை நிரப்பிக்கொண்டு நகர்ந்திருப்பார்.

இடம், பனாமா நாட்டின் போக்கெத்தே. கோஸ்டாரிகா எல்லையை ஒட்டிய சிரிக்கி மாகாணத்து மலையூர். தலைக்குமேல் பாரு எரிமலை, 3,474 மீட்டர். நாட்டிலேயே உயரமான சிகரம். நள்ளிரவில் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைந்தால், மேகம் விலகிய நாளில் ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் என இரண்டு கடலையும் பார்க்கலாம். பல நூற்றாண்டுகளாக உறங்கும் எரிமலை. ஆனால் அது என்றோ கொட்டிய சாம்பல்தான் இன்றைய தோட்ட மண். பொலபொலவென்றிருக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் வேரில் நீர் தேங்க விடாது. காபிச் செடிக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டும், குளிர் வேண்டும். உயரத்தில் இரவு குளிர்வதால் பழம் நிதானமாகப் பழுக்கிறது. கொட்டை இறுகி, இனிப்பு ஏறுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான அறுவடைக் காலத்தில் கரீபியன் பக்கத்திலிருந்து வீசும் காற்று, மலைமுகட்டைத் தாண்டி மெல்லிய தூறலைக் கொண்டுவரும். உள்ளூரில் அதற்குப் பெயர் ‘பஹாரெக்கே’. குற்றாலம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மலைக்கு அந்தப்புறம் பெய்த மழையின் மிச்சம், இந்தப்புறம் சாரல்.

இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது ‘கெய்ஷா’ என்ற ரகம். ஜப்பானின் கெய்ஷா பெண்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தியோப்பியாவின் கெஷா காட்டுப் பகுதியில் 1930-களில் சேகரித்த விதை, தான்சானியா வழியாக 1953-இல் கோஸ்டாரிகாவின் ஆய்வுப் பண்ணைக்கு வந்து, 1960-களில் பனாமாவுக்குள் நுழைந்தது. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த காபித் தோட்டங்களையெல்லாம் தேயிலைக்கு மாற வைத்த அதே நோய். ஆனால் கெய்ஷா நெடுநெடுவென வளரும், கிளை சட்டென ஒடியும், காய்ப்பும் குறைவு. விவசாயிகளுக்கு அதன்மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை.

எஸ்மெரால்டா தோட்டத்தை நடத்தும் பீட்டர்சன் குடும்பம் வேறொன்று செய்தது. தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக் காபியையும் கலக்காமல் தனித்தனியே சுவைத்துப் பார்த்தது. மேல் சரிவில் நின்ற கெய்ஷா செடிகளின் கோப்பையில் மட்டும் மல்லிகை வாசம், எலுமிச்சைத் துள்ளல். அந்தக் காபி 2004-இல் பனாமாவின் தேசியப் போட்டியில் வென்று, ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் போனது. அன்றைக்கு அதுவே அதிர்ச்சி. 2025 ஏலத்தில் அதே தோட்டத்தின் 20 கிலோ கெய்ஷா, கிலோ 30,204 டாலருக்குப் போனது. நம் கணக்கில் கிலோ 26 லட்சம் ரூபாய்க்கு மேல்.

அதன்பின் பயணிகள் வராமல் இருப்பார்களா? பழத்தைக் கடித்து வழவழப்பான இனிப்புச் சதையைச் சப்பலாம். தோல் உரிக்கும் இயந்திரம், உலர்த்தும் பரண், வறுக்கும் உருளை எல்லாம் பார்க்கலாம். கடைசியில் சுவை மேசை. கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். நம் வீட்டில் உறிஞ்சினால் திட்டு விழும். கழுவி உலர்த்தியது, பழத்தோடு உலர்த்தியது என்று இரண்டு வகையைத் தருவார்கள். நம் காபிப்பொடிக் கடைப் பலகையில் ‘பார்ச்மென்ட்’, ‘செர்ரி’ என்று எழுதியிருப்பதும் இதே வித்தியாசம்தான். பால், சர்க்கரை கேட்டால் முகம் சுளிப்பார்கள். சிக்கரியைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது உத்தமம்.

பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் ங்கோபே பழங்குடியினர். பெண்களின் தரையைத் தொடும் வண்ண அங்கியில் முக்கோணப் பட்டிகள் தைத்திருக்கும். செடிகளுக்கிடையே தூரத்திலிருந்தே தெரியும். 1997-இல் அரசு அவர்களுக்கெனத் தனி ஆட்சிப்பகுதியை அமைத்தது. ஆனால் அங்கே கூலி வேலை அரிது. அறுவடை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு குடும்பமாகக் கிளம்புகிறார்கள். பலர் எல்லை தாண்டி கோஸ்டாரிகா தோட்டங்களுக்கும் போகிறார்கள். கூலி, டின் கணக்கில். ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனாலும் பறிப்பவரின் கணக்கு எத்தனை டின் என்பதுதான். ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தாக வேண்டும். ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்பி வர வேண்டும்.

நமக்கு இது அந்நியமான காட்சியல்ல. தேயிலைக்கு முந்தைய இலங்கைக்கு நம்மவர்கள் போனது காபிப் பழம் பறிக்கத்தான். பருவத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆண்டு முழுக்க ஆள் கேட்ட தேயிலைதான் அவர்களை அங்கேயே நிறுத்தியது.

போக்கெத்தேயில் ஜனவரியில் பூக்களுக்கும் காபிக்குமாக ஒரு திருவிழா நடக்கும். ஆற்றங்கரை முழுக்க மலர்ப்பாத்தி, இரவில் இசை, விடுதிகளில் இடம் கிடைக்காது. அதே ஜனவரியில் மேல் சரிவுகளில் கெய்ஷா சிவக்கத் தொடங்கியிருக்கும்; பறிப்பவர்களுக்கு விடியலில் வேலை.