நம்ம கடல் எந்த அலமாரியில்?

நூலகத்தில் தமிழ் நாவல் எடுக்கும்போது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? டூயி முறைப்படி அடுக்கிய நூலகம் என்றால் 894.811 என்று இருக்கும். "ஏதோ நம்பர், நமக்கென்ன?" என்றுதான் நானும் இருந்தேன். விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் உலக அறிவையெல்லாம் பத்துப் பிரிவாக்கினார். இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று ஆளுக்கொரு முழு அறை. தமிழ், சீனம், அரபு எல்லாம் 890 என்ற 'இதர மொழிகள்' அறையில் நெருக்கியடித்துக்கொண்டு! இரண்டாயிரம் வருஷத் தமிழுக்குக் கிடைத்தது புள்ளிக்குப் பின்னால் ஒரு மூலை.

இதைத் தட்டிக் கேட்டவர் நம்ம சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933-இல் 'கோலன்' என்ற புது முறையை வெளியிட்டார். ஒரு நூலகம் தன் சொந்த மொழிக்கு முதலிடம் தர அதில் வழி வைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்கும் அவர் உழைப்பே காரணம்.

சரி, எண் கிடக்கட்டும். உள்ளே இருக்கும் புத்தகம்? என் ஊர் தருவைகுளம். எங்கள் கடலைப் பற்றிப் படிக்கலாம் என்று தேடினால் முதலில் கைக்கு வருவது ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி எழுதிய ஆங்கில நூல். சென்னை மாகாண மீன்துறையில் இருந்தவர். நல்ல நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து ஆங்கில அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். முத்துச்சிப்பி விளையும் திட்டுக்கு 'பார்', சங்குக்கு 'சாங்க்', படகுக்கு 'கட்டமரான்'. எல்லாம் நம்ம சொல்! சொல்லிக் கொடுத்தவன் குளியாள். அட்டையில் பெயர் துரைக்கு. நாம் பரீட்சைக்குப் படிக்கும்போது 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்' என்று படிக்கிறோம்.

2015-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி, ரோட்ஸ் சிலையை அகற்ற வைத்தார்கள். அதோடு நிற்காமல், "எங்கள் பாடத்தில் எங்கள் மக்கள் எங்கே?" என்றும் கேட்டார்கள். பாடத்திலிருந்து காலனியத்தை நீக்குவது என்றால் இதுதான். ஹார்னெலைக் கொளுத்துவதல்ல, அவர் பக்கத்தில் இன்னும் நாலு புத்தகத்தை வைப்பது.

எதை வைக்கலாம்? தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1973-இல் எங்கள் பக்கத்து வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டியவர்கள் அவர்கள். அந்த நிலையத்தின் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளம். எதிர்க்கரை இலங்கைத் தமிழர் எழுத்துக்கு 2005-இல் தொடங்கிய 'நூலகம்' தளம் இருக்கிறது. கடற்கரை வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிய ஜோ டி குருஸின் 'கொற்கை' 2013-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நம் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்காத புத்தகம் வராது.

ஆனால் ஒரு நூல் எந்த அலமாரியிலும் இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அன்றைக்கு இருபது வயதில் மூச்சடக்கிக் குதித்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள். நீவாடு பார்த்துத் தொழில் செய்தவர்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த நீவாட்டில் வலை போடக் கூடாது என்பதெல்லாம் அந்தத் தாத்தாக்களின் நினைவில்தான் இருக்கிறது.

செய்முறை ஏடு எழுதத் தெரிந்த நமக்கு இதை எழுதத் தெரியாதா? வரும் விடுமுறையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்த் தாத்தாவிடம் போய் உட்காருங்கள். விவசாயியோ, தச்சரோ, உப்பளத் தொழிலாளியோ, யாராக இருந்தாலும் சரி. அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள். அந்த நோட்டை நம் நூலகத்தில் வைக்கக் கேட்போம்.

எண் என்ன ஒட்டுவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்!