ஏர்போர்ட் எங்கே வருது? டீக்கடையில் கேட்டால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர்:-

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் இறங்கி, "ஏர்போர்ட் எந்தப் பக்கம் வருதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் ஒரு பக்கம் கை காட்டுவார். மனை புரோக்கர் இன்னொரு பக்கம் காட்டுவார். ஆட்டோக்காரர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார்!

சிரிக்கிற விஷயமா இது?

சென்னைக்கு 2-வது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். தேவைப்படும் நிலம் சுமார் 5,700 ஏக்கர். அதில் 3,700 ஏக்கருக்கு மேல் பட்டா நிலம். ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டே போராட்டத்தில் குதித்தார்கள். போராட்டம் 900 நாட்களையும் தாண்டியது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

பூந்தமல்லியில் இருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ ரெயிலை நீட்டவும் அறிக்கை தயாரானது.

இந்த வட்டாரத்துக்கு மாற்றம் புதிதல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் பேக்டரி திறந்தது. நிலத்தின் விலை எகிறியதையும் ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சிவப்புப் பெட்டி

ஜெர்மனியில் பெர்லின் நகரின் நடுவே மாபெரும் கட்டுமான வேலை நடந்தது. 1995-ல் அதன் பக்கத்திலேயே தூண்கள் மீது ஒரு சிவப்புக் கட்டடம் எழுப்பினார்கள். உள்ளே படமும் மாடலும். மாடியில் ஏறினால் கிரேன்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கலாம். லட்சக்கணக்கான பேர் வந்தார்கள். 2001-ல் வேலை முடிந்தது என்று அதைப் பிரித்துவிட்டார்கள்!

சிங்கப்பூரில் 1999 முதல் நகரக் காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம். ஊர் முழுவதும் பொம்மை வீடு போல மேஜையில் விரிந்து கிடக்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? டெல்லியில் 2009 புத்தாண்டை ஒட்டிப் பட்டேல் சவுக் மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ளேயே மியூசியம் திறந்தார்கள். சுரங்கம் தோண்டிய கதையை டிக்கெட் எடுத்த பயணி போகிற போக்கில் பார்த்தார்.

சர்வே எண் தெரியுமா?

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. விமான நிலையம் போன்ற திட்டங்களுக்கு, 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கலெக்டர் ஆபீசில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நில எடுப்பு அறிவிப்பிலும் கிராமம், சர்வே எண் எல்லாம் அச்சாகிறது. ஆனால், பொடி எழுத்தில் தன் அரை ஏக்கரைத் தேடிப் பிடிப்பது விவசாயிக்குப் பெரும்பாடு!

பி.எப். கடன் போட்டு, 'ஏர்போர்ட் அருகில் மனை' என்று அட்வான்ஸ் கொடுக்கும் குமாஸ்தாவுக்கும் அதே பாடுதான். பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணை வாங்கி, வில்லங்கமும் போட்டு, நில எடுப்புப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

கண்ணாடிப் பெட்டிக்குள் விமானப் பொம்மை மட்டும் வைத்தால் போதாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம். சுவரில் பெரிய வரைபடம். அதில் சர்வே எண், ஏரி, சுடுகாடு, பள்ளிக்கூடம் எல்லாம் தெரிய வேண்டும். பதில் சொல்ல ஓர் அதிகாரி உட்கார வேண்டும்.

"என் நிலம் போகுதா, இல்லையா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டீக்கடைக்காரர் அல்ல!