மண்ணை அறிந்தவர்களைக் கேட்டோமா?

மனிதரின் பழக்கவழக்கங்களை ஆராயும் கல்வியை மானுடவியல் என்கிறோம். ஆனால் ஒருவர் வாழும் மண்ணையும் நீரையும் மரத்தையும் விட்டுவிட்டு, அவரை மட்டும் தனியே புரிந்துகொள்ள முடியுமா?

இக்கேள்வியை ஆழமாக எழுப்பிய மாநாடு ஒன்று 1955 ஜூன் மாதம் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் நடந்தது. மானுடவியல் ஆய்வுகளுக்கு உதவும் வென்னர்-கிரென் அறக்கட்டளை அதை ஏற்பாடு செய்தது. பூமியின் முகத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு என்ன என்பதே பொருள். பல துறைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 70 அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒரே பெண், நம் நாட்டின் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

1897இல் தலச்சேரியில் பிறந்த அவர், சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். மாநாட்டில் அவர் பேசியது, தம் தேவைக்காகப் பயிரிட்டு வாழும் இந்திய மக்களைப் பற்றி. பழங்குடியினர் காத்துவந்த செடிகளையும், வீட்டுப் பயிர்களைப் பேணிய பெண்களின் அறிவையும் எடுத்துரைத்தார். தானியங்களைப் பெருமளவில் விளைவிக்கும் வேகத்தில் இவை அழிந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. தம் இறுதி ஆண்டுகளில் சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் மூலிகைகளை வளர்த்து ஆய்ந்துவந்த அவர், 1984இல் காலமானார்.

இம்மாநாட்டில் நம் திருச்சபையின் மகன் ஒருவருக்கும் பங்குண்டு. இயேசு சபைத் துறவியும் தொல்லுயிர் அறிஞருமான தெயார் தெ ஷார்தான் அதற்காகக் கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் மாநாட்டுக்கு இரு மாதங்கள் முன்பு, 1955 ஏப்ரல் 10, உயிர்ப்புப் பெருவிழாவன்று, இறைவனடி சேர்ந்தார். மாநாட்டு நூலில் அவர் கட்டுரை இடம்பெற்றுள்ளது.

பிரின்ஸ்டனில் பேசியது ஆரணிக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய்கண்டிகையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. 2009இல் பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கு ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தது. அரசுப் பதிவேட்டில் அது மேய்க்கால் நிலம். ஊர் மக்களுக்கோ அது தாங்கள் காத்துவந்த காடு. ஆடுமாடு மேய்ந்ததும், விறகும் மூலிகையும் கிடைத்ததும், ஏரிகளுக்கு மழைநீர் வந்ததும் அங்கிருந்துதான் என்று சொல்லி, பெரும்பாலும் தலித் மக்களான அவர்கள் போராடினார்கள். ஆயினும் காடு வெட்டப்பட்டது; ஆலை எழுந்தது.

தொழிற்சாலைகள் வேலை தருகின்றன. நம் பங்குகளில் பல குடும்பங்கள் அவற்றால்தான் பிழைக்கின்றன. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு நிலத்தைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால், அதை நம்பி வாழ்பவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தந்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பூர்வகுடி மக்களுக்கு நிலம் வெறும் விற்பனைப் பொருள் அல்ல, இறைவனும் முன்னோரும் தந்த கொடை என்கிறது. அவர்களின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களே முதன்மையான உரையாடல் துணைவர்களாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலரைப் பேசச் சொல்லுங்கள். ஆரணியாற்றில் எங்கெங்கே ஊற்று இருந்தது, எந்தக் கால்வாய் எந்த ஏரிக்குப் போனது, எந்த இலை எந்த நோய்க்கு என்று அவர்கள் சொல்வதை இளையோர் எழுதி வைக்கட்டும். நாளை நம் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது, இங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல நமக்கும் ஒரு பதிவேடு வேண்டுமல்லவா?