ஆறு விநாடி ஆயுள்

எஃகின் கதை – 14

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஆனேக்கல் தாலுகா. காலை ஷிஃப்டுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகளை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் பொம்மசந்திரா பக்கமும் ஜிகணி பக்கமுமாகப் பிரிந்து போகும். அங்கே சிஎன்சி மெஷினில் நிற்கும் யாரிடமாவது, “வெட்டும் டிப் எதனால் போகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர், “உரசி உரசித் தேயுதுங்க” என்பார். நாலு வருடம் நின்றவர், “சூடுதான் சார். கூலன்ட் கொஞ்சம் நின்னாலே டிப் காலி” என்பார்.

துப்பாக்கிக் குழலுக்கும் இந்த இரண்டாவது பதில்தான் பொருந்தும். எஃகுக்குப் பதம் ஏற்றுவது பற்றிப் போன வாரம் பார்த்தோம். அந்தப் பதத்தை மிகக் கடுமையாகச் சோதிக்கிற இடம் ரைஃபிளின் பேரல். அது எப்படிக் கெடுகிறது, எப்படிப் பேணினால் கூடுதல் காலம் உழைக்கும் என்பதே இந்த வாரச் செய்தி.

பெங்களூரு நிறுவனமான எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் தொலைதூர ரைஃபிள்கள் இரண்டை வடிவமைத்திருக்கிறது. ‘வைப்பர்’ .308 தோட்டாவைச் சுடும், ‘சேபர்’ .338 லப்புவா மேக்னம் தோட்டாவைச் சுடும். சேபர் ரைஃபிள் நட்பு நாடு ஒன்றுக்கு ஏற்றுமதியாவது 2024-ல் செய்தியாயிற்று. இப்படி ஒரு ரைஃபிளுக்கு உயிர்நாடி பேரல்தான். மற்ற பாகங்களை நல்ல எந்திரக்கூடம் எதுவும் கடைந்து கொடுத்துவிடும். ஆனால் இரண்டடி நீளத்துக்கு நேராகத் துளையிட்டு, அதன் உள்சுவரில் ஒரே சீராகப் புரி போட்டு, அந்தச் சீர் சில ஆயிரம் தோட்டாக்களுக்குக் கலையாமல் வைத்திருப்பது வேறு வித்தை.

கடலூரில் முடிந்த ஒரு வாழ்க்கை

புரி எதற்கு? குண்டைப் பம்பரம்போல் சுழற்றிவிட. சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேரே போகும். .308 பேரலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி போட்டிருந்தால், விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,700 முறை சுழலும்.

பறக்கும் குண்டைக் காற்று எப்படித் தடுக்கிறது, எப்படித் திசைமாற்றுகிறது என்று முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். அவருடைய பீரங்கியியல் நூல் 1742-ல் வெளிவந்தது. புரி போட்ட குழலின் அருமையை முழுதாக உணர்ந்துகொள்ளும் நாடே போரில் முந்தும் என்று அன்றே கணித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த அவர், 1751-ல் கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ரைஃபிள் அறிவியலின் முன்னோடி ஒருவரின் வாழ்க்கை முடிந்திருக்கிறது.

தொண்டையில் தொடங்கும் நோய்

தோட்டா அறை முடிந்து புரி தொடங்கும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். பேரலுக்கு வரும் நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

விசையை இழுத்ததும் மருந்து எரிந்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 4,000 மடங்கு அழுத்தம் எழும்புகிறது. வாயுவின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். எஃகு 1,500 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அப்படியும் பேரல் ஏன் உருகுவதில்லை? நேரம் அவ்வளவு குறைவு. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு.

ஆனாலும் உள்சுவரின் மேல்தோல், தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம், ஒவ்வொரு சூட்டிலும் பழுக்கக் காய்ந்து மறுகணமே குளிர்கிறது. வாயுவிலுள்ள கரிமம் அதில் ஊறி, தோல் கண்ணாடிபோல் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. பிறகு வெடிப்பு விடுகிறது. போர்ஸ்கோப் என்னும் மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்தால், கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதுபோலவே தொண்டை தெரியும். அடுத்தடுத்த சூடுகளில் வாயு அந்த வெடிப்புகளில் புகுந்து விளிம்புகளை அரித்துக்கொண்டு போகும். புரி தொடங்கும் இடம் மெல்ல மெல்ல முன்னால் நகரும். குண்டு கூடுதல் தூரம் பிடிமானமில்லாமல் பாய்ந்து, புரியில் கோணலாக ஏறும். இலக்கில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய துளைகள் உள்ளங்கை அளவுக்குச் சிதறும்.

சூடுதான் எதிரி என்பதற்குச் சான்று வேண்டுமா? அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளைப் பாருங்கள். அதில் மருந்தே கிடையாது, அழுத்திய காற்றுதான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு பல்லாயிரம் முறை உரசிச் சென்ற பிறகும் பேரல் துல்லியமாகவே இருக்கும். உரசல் இருக்கிறது, தீ இல்லை. அதனால் தேய்மானமும் இல்லை என்றே சொல்லலாம்.

இன்னொரு சான்று, வைப்பரும் சேபரும் சுடும் தோட்டாக்கள். .308 தோட்டாவில் ஏறத்தாழ 3 கிராம் மருந்து; .338 லப்புவாவில் ஏறத்தாழ 6 கிராம். துளையின் பரப்போ ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். இரண்டு மடங்கு நெருப்பு, ஏறக்குறைய அதே அகலச் சந்துக்குள் நுழைகிறது. அதனால்தான் .308 பேரல் 5,000 தோட்டா வரைகூடத் துல்லியம் காக்கும்போது, .338 பேரல் 2,000 தோட்டாவை ஒட்டியே தளர்ந்துவிடுகிறது. 5,000 தோட்டாக்களின் குழல் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய ஆறு விநாடி. ஒரு பேரல் உண்மையில் வேலை செய்யும் மொத்த ஆயுள் அவ்வளவுதான்!

அருவங்காட்டு மருந்து

சூடுதான் எதிரி என்ற பாடத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் பட்டுத்தான் கற்றது. 1888-ல் வந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் புரி ஆழமில்லாதது, விளிம்பு மழுங்கியது. கரிமருந்தின் கசடு படியாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பிறகு கார்டைட் என்ற மருந்து வந்தது. அதில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். அந்தச் சூட்டில் மெட்ஃபோர்டு புரி சீக்கிரமே அழிந்தது. 1895-ல் ஆழமான என்ஃபீல்டு புரிக்கு மாறினார்கள். அதுவும் போதாமல், மருந்திலேயே நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903-ல் தோன்றியது இந்த மாற்றங்கள் நடந்த காலத்தில்தான். கார்டைட்டில் வாசலின் சேர்த்தது முதலில் குழலுக்கு வழுவழுப்புத் தரும் என்ற நம்பிக்கையில்தான். மருந்து கெடாமல் காப்பதே அதன் உண்மையான பயன் என்று பின்னால் தெரிந்தது.

இன்று பாதுகாப்பை எஃகின் பக்கமிருந்தும் தேடுகிறார்கள். குரோமியம் உருகுவதற்கு 1,900 டிகிரி வேண்டும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ ஏகே வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பேரல்களின் உள்சுவருக்குக் குரோமியப் பூச்சு கொடுப்பது வழக்கம். தொலைதூர ரைஃபிள்களில் பலர் அதைத் தவிர்ப்பார்கள். பூச்சு மயிரிழை ஏறி இறங்கினாலும் துல்லியம் கெடும். நீண்ட ஆயுளா, நுட்பமான குறியா என்று எடை போட்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பேணும் கை

என்சிசி முகாமுக்குப் போனவர்களுக்குப் ‘புல் த்ரூ’வும் ‘சிந்தி’யும் நினைவிருக்கும். கயிற்றின் முனையில் துணித்துண்டைக் கோத்துக் குழலுக்குள் இழுப்போம். அந்தக் கயிற்றைக் கோணலாக இழுத்தால் குழல் வாயின் ஓரத்தை அது அறுத்துக்கொண்டே இருக்கும். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அந்த வாய். அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தாலும் குண்டு திசை மாறும். சுடாமலே, சுத்தம் செய்தே கெட்ட பேரல்கள் ஏராளம்.

எனவே வழி இதுதான். ஆயுதம் காலி என்பதை உறுதி செய்துகொண்டு, முடிந்தவரை பின்புறமிருந்து, ஒரே துண்டாலான உறையிட்ட கம்பியால் துடையுங்கள். கம்பி பக்கச்சுவரில் உரசாதபடி வழிகாட்டிக் குழாய் போடுங்கள். குண்டு விட்டுச்செல்லும் செம்பைத் தேய்த்து எடுக்காமல், அதற்கான கரைப்பானை ஊறவிட்டுக் கரையுங்கள். பழைய வகைப் பிரைமர்கள் உப்பை விட்டுச்செல்லும்; அது ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவாக்கும். அதற்கு எண்ணெய் உதவாது. வெந்நீர்தான் உப்பைக் கரைக்கும். பிறகு ஈரம் போகத் துடைத்து எண்ணெய் இடவேண்டும். மறுபடி சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்கக்கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது ஆறவிடுவது. காய்ந்த பேரலில் தொடர்ந்து சுடும் ஒவ்வொரு தோட்டாவும் ஆறிய பேரலில் சுடுவதைவிட அதிகமாகத் தின்னும். பேரலில் கைவைத்தால் பொறுக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். எத்தனை தோட்டா சுட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துல்லியம் குறையும் நாளை அந்த நோட்டு முன்கூட்டியே சொல்லிவிடும்.

பொம்மசந்திராவில் அனுபவப்பட்ட ஆபரேட்டர், டிப் உடையும்வரை காத்திருக்க மாட்டார். வெட்டும் சத்தம் மாறும்போதே மெஷினை நிறுத்தி மாற்றிவிடுவார். ஒரு டிப்பை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஜாப் வீணாகக் கூடாது என்பது அவர் கணக்கு. பேரல் விஷயத்தில் வீணாவது அந்த எஃகுத் துண்டு அல்ல. எல்லையில் நிற்கும் ஒரு பிள்ளை தன் உயிரை அதன் மேல் வைத்திருக்கிறான். அதனால் பேரலை நன்றாகப் பேணுவோம். காலம் முடிந்ததும் கணக்குப் பார்க்காமல் மாற்றுவோம்.

அடுத்த வாரம்: மயிரிழை தடிமனில் குரோமியம் பூசும் தொட்டிக்குள்.

(தொடரும்)